படகுக்குப் பின்னால் ட்யூபில் பிள்ளைகளை இழுப்பது: விடலாமா?

அஸ்தம்பட்டி அம்மா:
மே மாதம் டெக்சாஸில் தம்பி வீட்டுக்குப் போகிறோம். அவன் சொந்தமாக மோட்டார் படகு வைத்திருக்கிறான். காற்றடைத்த ட்யூபில் பிள்ளைகளை உட்காரவைத்து, கயிறு கட்டி ஏரியில் இழுப்பானாம். பெண்ணுக்கு 11, பையனுக்கு 7. இரண்டும் இப்போதே குதிக்கின்றன. நாங்கள் ஏறியது ஏற்காடு ஏரியில் மிதிபடகு மட்டும்தான். இருவருக்கும் ஓரளவு நீச்சல் தெரியும். விடலாமா?

மலைக்காரன்:
பூலாம்பட்டியில் ஆற்றைக் கடக்கவே எனக்கு அடிவயிறு கலங்கும். நானாக இருந்தால் பையனை விடமாட்டேன்.

பழைய படகோட்டி:
துபாயில் வாட்டர் ஸ்போர்ட்ஸ் படகு ஓட்டிவிட்டு அழகாபுரத்துக்குத் திரும்பி வந்தவன் நான். விடலாம் அம்மா. ஆனால் ட்யூபில் ஸ்டியரிங்கும் இல்லை, பிரேக்கும் இல்லை. எல்லாம் உங்கள் தம்பி கையில்தான்.

வளைவில் எப்படி ஓட்டுவார் என்று முதலில் கேளுங்கள். நேராகப் போனால் ட்யூப் படகின் வேகத்தில்தான் வரும். படகு திரும்பினால் அது வெளிவட்டத்துக்கு வீசப்பட்டு, படகைவிட வேகமாகப் பாயும். ஆடிப் பண்டிகைச் சங்கிலி ராட்டினத்தில் ஓரத்து ஆளுக்குத்தானே வேகம், அதே கதை. பிள்ளைகளுக்கு த்ரில் வேண்டுமென்று வட்டமடிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உண்மையில் அந்த த்ரில் ஓட்டுபவருக்குத்தான். பிள்ளைகள் என்றால் மணிக்கு 15 மைலைத் தாண்டவே கூடாது, அதாவது 24 கிலோமீட்டர். பையனுக்கு அதற்கும் கீழேயே போதும். கரை, படகுத்துறை, மற்ற படகுகள் எல்லாவற்றையும் விட்டுத் தள்ளியே ஓட்டச் சொல்லுங்கள்.

நீச்சல் தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். அமெரிக்காவில் அதை எடை பார்த்துத்தான் கொடுப்பார்கள்: 30 முதல் 50 பவுண்டு வரை சைல்ட், 50 முதல் 90 வரை யூத். 50 பவுண்டு என்றால் ஏறக்குறைய 23 கிலோ. பக்கிள்களை மாட்டியபின் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது பெரிசு. வளர்கிற பிள்ளை என்று ஒரு சைஸ் கூட்டி வாங்கும் நம் பழக்கம் இதில் ஆகாது.

கயிறு ட்யூபுக்கென்றே விற்பதாக இருக்க வேண்டும், 50 அடிக்குக் குறையாமல், 65 அடிக்கு மிகாமல். இருவரையும் ஒரே ட்யூபில் ஏற்றாதீர்கள், மண்டையோடு மண்டை மோதும்.

அஸ்தம்பட்டி அம்மா:
நன்றி அண்ணா. படகில் நான் சும்மா உட்கார்ந்து வீடியோ எடுக்கலாமா? பிள்ளை தண்ணீரில் விழுந்துவிட்டால்?

பழைய படகோட்டி:
வீடியோவை வேறு யாராவது எடுக்கட்டும். தம்பி முன்னால் பார்த்து ஓட்டுவார். ட்யூபை விட்டுக் கண்ணெடுக்காமல் பார்க்க இன்னொருவர் வேண்டும், அது நீங்கள். கட்டைவிரல் மேலே என்றால் வேகம், கீழே என்றால் மெதுவாக, கழுத்துக்குக் குறுக்கே கையை வீசினால் நிறுத்து. இதைக் கரையிலேயே பழக்கிவிடுங்கள்.

விழுவார்கள், அதற்குப் பயப்பட வேண்டாம். உடனே தம்பியிடம் சொல்லுங்கள். பிள்ளை தன் கண்ணில் படும் பக்கமாகவே அவர் மெதுவாகத் திரும்பி வரவேண்டும். கிட்டே வந்ததும் இன்ஜினை அணைத்துவிட வேண்டும். நியூட்ரல் போதாது. புரொப்பல்லர் முழுக்க நின்றபிறகுதான் பிள்ளை ஏணிப்பக்கம் வரலாம்.

அஸ்தம்பட்டி அம்மா:
எடை பார்த்தேன், பையன் 21 கிலோதான். தம்பி தன் மகளின் பழைய யூத் ஜாக்கெட்டைப் போட்டுவிடலாம் என்றிருந்தான். வேறு வாங்கச் சொல்லிவிட்டேன்.