புதுப்பிப்பு: குழுக்கடன் முடிந்தது, நகைக்கடன் பாக்கி (கொழிஞ்சாம்பாறை, கேரளம்)

வாரத் தவணைக் குழுக்கடனும் நகைக்கடனும் சேர்ந்து கழுத்தை நெரிக்கிறது, இரண்டு சின்னக் குழந்தைகளை வைத்துக்கொண்டு எந்தச் செலவைக் குறைப்பது என்று போன ஆடியில் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"வட்டி அதிகமுள்ளதை முதலில் முடியுங்கள்" என்று ஒரு அக்கா சொன்னதுதான் பலித்தது. குழுக்கடனில் மிச்சமிருந்த 9,600 ரூபாயைத் தை மாதம் மொத்தமாகக் கட்டிவிட்டோம். முன்கூட்டி அடைத்தால் அபராதம் உண்டு என்றார் வசூலுக்கு வந்தவர். இது நான் எதிர்பாராதது. ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி இந்த மாதிரிச் சிறு கடனுக்கு (நுண்கடன்) அப்படி வாங்கக் கூடாது என்று வீட்டுக்காரர் எடுத்துச் சொன்னதும் விட்டுவிட்டார். இதே நிலையில் இருப்பவர்கள் கட்டாயம் கேளுங்கள்.

பணம் சேர்ந்தது மளிகையில்தான். ரேஷன் கார்டைக் கொண்டுபோய் அரிசி, பயறு, தேங்காயெண்ணெயை கேரள அரசின் மளிகைக் கடையான மாவேலி ஸ்டோரில் மானிய விலைக்கு வாங்கியதில் மாதம் 1,200 வரை மிச்சம். பாக்கெட் பிஸ்கட்டை நிறுத்தினோம். சின்னவளுக்கு அங்கன்வாடியில் தரும் அமிர்தம் பொடியை (சத்துமாவு) அத்தை நெய் விட்டு வறுத்து, சூடு ஆறுவதற்குள் உருண்டை பிடித்துக் கொடுக்கிறார். அவள் டப்பாவைக் காட்டி இன்னொன்று கேட்கிறாள்.

பாலைக் குறைத்தது மட்டும் தப்பு. பெரியவன் ராத்திரி பசிக்கிறது என்று எழுந்து உட்கார்ந்தான். மறு வாரமே பழைய அளவுக்கு வந்துவிட்டோம். அப்புறம், நகைக்கடனுக்கு இப்போது மாதாமாதம் வட்டி கட்டுகிறோம்.