பிக்கப்பின் முன்பக்கம் தாழ்ந்து நிற்கிறது: லெவலிங் ஸ்பேசர் போதுமா, முழு லிஃப்ட் கிட் வேண்டுமா?

வழித்துணை:
அனைவருக்கும் வணக்கம். என்னுடைய பிக்கப்பின் முன்பக்கம் பின்பக்கத்தைவிடத் தாழ்ந்து, வண்டி எப்போதும் இறக்கத்தில் நிற்பதைப் போலத் தோன்றுகிறது. முன்பக்கத்தில் 2 அங்குலம் உயர்த்தும் ஸ்பேசரை (சஸ்பென்ஷனில் வைக்கும் தடிமனான துண்டு) போட்டால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். ஸ்பேசர் வைத்தால் பால் ஜாயின்ட் (சக்கரப் பகுதியைச் சஸ்பென்ஷன் ஆர்மோடு இணைக்கும் உருண்டை மூட்டு) சீக்கிரம் போய்விடும், அதனால் முழு லிஃப்ட் கிட்டையே வாங்குங்கள் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். டயரையும் ஒரு அளவு பெரிதாக்கும் எண்ணம் இருக்கிறது. இந்த வாரக் கடைசியில் வேலையை முடித்துவிட விரும்புவதால், எதை வாங்கலாம் என்று விரைவில் சொன்னால் உதவியாக இருக்கும்.

திருப்புளி:
எந்த வண்டி, எந்த ஆண்டு மாடல், நான்கு சக்கர இயக்கம் உள்ளதா, இல்லையா என்பதைச் சொல்லுங்கள். முன்பக்கத்தில் இருப்பது காயில் ஸ்பிரிங்கா, டார்ஷன் பாரா (முறுக்குவதால் ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி) என்பது தெரியாமல் எந்த ஸ்பேசரையும் பரிந்துரைக்க முடியாது.

பழைய இரும்பு:
இதற்கு ஒரு பொருளும் வாங்கத் தேவையில்லை, நண்பரே. டார்ஷன் பாரின் சரிசெய்யும் போல்ட்டைச் சில சுற்றுகள் இறுக்கினாலே முன்பக்கம் எழுந்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே அளவு இறுக்கிய பிறகு வீல் அலைன்மென்ட் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். என் பழைய வண்டி பல ஆண்டுகளாக அப்படித்தான் ஓடுகிறது.

மேட்டுநிலம்:
பெரிய டயர் போடுவதுதான் உண்மையான நோக்கம் என்றால் பாடி லிஃப்ட்டைப் பற்றியும் யோசியுங்கள். சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவில் கட்டைகள் வைப்பதால் சஸ்பென்ஷனின் கோணம் எதுவும் மாறுவதில்லை, சி.வி. ஜாயின்ட்டுக்கும் (முன் சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டு) பாதிப்பில்லை. ஸ்டியரிங் தண்டு, டீசல் நிரப்பும் குழாய், பம்பர் இடைவெளி ஆகியவற்றை மட்டும் கவனித்தால் போதும்.

அச்சாணி:
வண்டியின் பெயரைக்கூடச் சொல்லாமல் கேள்வி கேட்பதும், அதற்குப் பதில் சொல்ல மூன்று பேர் ஓடிவருவதும் இங்கே வழக்கமாகிவிட்டது. நோயாளியைப் பார்க்காமல் மருந்துச் சீட்டு எழுதும் வேலை இது. பெரும்பாலான பிக்கப்புகள் காலியாக நிற்கும்போது பின்பக்கம் சற்று உயர்ந்துதான் இருக்கும், ஏனென்றால் சுமை ஏறும்போது பின்பக்கம் அமுங்கி வண்டி சமநிலைக்கு வர வேண்டும் என்றுதான் அதை அப்படி வடிவமைக்கிறார்கள். அந்தச் சரிவு குறை அன்று என்பதைப் புரிந்துகொள்ளாதவர்கள் முதலில் உரிமையாளர் கையேட்டைப் படிக்கலாம்.

திருப்புளி:
அச்சாணி ஐயா சொல்லும் விஷயம் சரிதான், சொல்லும் விதத்தை விட்டுவிடுவோம். வழித்துணை, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலைகளிலும் அளந்து எழுதுங்கள். வழக்கமாக எவ்வளவு சுமை ஏற்றுவீர்கள், முன்பக்கத்தில் கூடுதலாக ஏதேனும் பொருத்தியிருக்கிறீர்களா என்பதும் தெரிய வேண்டும்.

வழித்துணை:
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். 2018 மாடல் டொயோட்டா ஹைலக்ஸ், இரட்டை கேபின், நான்கு சக்கர இயக்கம். இப்போது இருப்பவை 265/65ஆர்17 டயர்கள், மாற்ற நினைப்பது 265/70ஆர்17. முன்பக்கம் இடது 49 செ.மீ., வலது 49.5 செ.மீ., பின்பக்கம் இரண்டும் 54.5 செ.மீ. பெரும்பாலான நாட்களில் கருவிப் பெட்டிகளோடு 300 கிலோ அளவில் பின்னால் இருக்கும். முன்னால் இரும்பு பம்பரும் விஞ்சும் (சிக்கிய வண்டியை வடத்தால் இழுக்கும் கருவி) உண்டு, பழைய பம்பரின் எடையைக் கழித்தால் 90 கிலோ கூடியிருக்கும்.

திருப்புளி:
அந்தக் கடைசி வரியில்தான் கேள்வியே இருக்கிறது. 90 கிலோ என்பது முன் அச்சுக்கு 90 கிலோவாக மட்டும் வந்து சேராது. உங்கள் வண்டியின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம் 3,085 மி.மீ. பம்பரும் விஞ்சும் முன் அச்சுக்கு முன்னால் ஏறத்தாழ 90 செ.மீ. தள்ளி இருக்கின்றன என்று வைத்துக்கொண்டால், நெம்புகோல் கணக்குப்படி முன் அச்சில் 116 கிலோ ஏறுகிறது, பின் அச்சிலிருந்து 26 கிலோ குறைகிறது. முன்பக்கம் அமுங்கியதோடு பின்பக்கம் கொஞ்சம் எழும்பவும் செய்திருப்பதால், அந்தச் சரிவு உங்கள் கண்ணுக்கு இன்னும் அதிகமாகத் தெரிகிறது.

இதற்கு ஸ்பேசர் வைத்தால் உயரம் கிடைக்கும், ஆனால் அந்த எடையைத் தாங்கும் திறன் ஸ்பிரிங்குக்குக் கூடுதலாகக் கிடைக்காது. பள்ளத்தில் இறங்கும்போது முன்பக்கம் குத்துவதும், பிரேக் பிடிக்கும்போது குனிவதும் அப்படியே இருக்கும். முன்பக்கக் கூடுதல் எடைக்கேற்பத் தரம் பிரித்து விற்கப்படும் காயில் ஸ்பிரிங்குகளில் உங்கள் எடைக்கு உரியதையும், அதற்குப் பொருந்தும் ஷாக் அப்சார்பரையும் போடுவதுதான் முறை. பழைய இரும்பு அவர்கள் சொன்ன வழி இந்த வண்டிக்குப் பொருந்தாது, இதில் டார்ஷன் பார் இல்லை.

பழைய இரும்பு:
பொதுவாகச் சொன்னேன். டார்ஷன் பார் இருந்த காலத்தில் இத்தனை கேள்விகள் எழவில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

அச்சாணி:
மட்கார்டு அளவை வைத்து வண்டி சமமாக நிற்கிறதா என்று முடிவு செய்வது தவறு. முன் மட்கார்டின் வளைவும் பின் மட்கார்டின் வளைவும் ஒரே உயரத்தில் வெட்டப்பட்டவை அல்ல. ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கியது, பிறகு எவ்வளவு உயர்ந்தது என்பதை ஒப்பிட அந்த அளவு உதவும். சமநிலையை அறிய வேண்டுமானால், சமதளத்தில் நிறுத்தி, கதவுக்குக் கீழே உள்ள பாடி விளிம்பின் முன்முனையும் பின்முனையும் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். அதையும் காலியாக ஒரு முறை, வழக்கமான சுமையோடு ஒரு முறை அளக்க வேண்டும்.

வழித்துணை:
அளந்துவிட்டேன். காலியாக இருக்கும்போது முன்முனை 2 செ.மீ. தாழ்வாக இருக்கிறது. சுமையோடு ஏறக்குறைய சமமாக வருகிறது. பின் மட்கார்டு அளவு 51.5 செ.மீ. ஆகிவிடுகிறது.

திருப்புளி:
அப்படியானால் 2 அங்குல உயர்வு உங்களுக்கு வேண்டாம். அதைப் போட்டால், சுமையோடு போகும் நாட்களில் வண்டியின் முன்பக்கம் தெளிவாக மேலே எழும்பி நிற்கும். முகப்பு விளக்கின் ஒளி எதிரில் வருபவரின் கண்ணில் அடிக்கும். நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியில் முன்பக்கத்தை உயர்த்த உயர்த்தச் சி.வி. ஜாயின்ட்டின் கோணம் கூடி, அதை மூடியிருக்கும் ரப்பர் உறையின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசத் தொடங்கும். உயர்த்திய பிறகு ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து அந்த மடிப்புகளைக் கையால் தொட்டுப் பாருங்கள். உரசும் இடத்தில் பளபளப்பான கோடு விழுந்திருந்தால் உயரம் அதிகம் என்று பொருள். பெரும்பாலும் காஸ்டரும் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறையும், அதனால் வளைவிலிருந்து ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பும் தன்மை மந்தமாகும். முன்பக்கம் சுமார் 3 செ.மீ. உயரும்படி ஸ்பிரிங் எடுத்துக்கொண்டு, நிரந்தரமாக 300 கிலோ சுமப்பதற்காகப் பின்னால் லீஃப் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூட்டுங்கள்.

மேட்டுநிலம்:
பின்பக்கத்தைத் தொட்டால் ஒன்றைக் கவனியுங்கள். சில பிக்கப்புகளில் பின் அச்சோடு ஒரு கம்பியால் இணைந்த பிரேக் வால்வு இருக்கும். சுமை ஏறி அச்சுக்கும் சேஸிஸுக்கும் இடைவெளி குறைந்தால்தான் அது பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும். பின்பக்கத்தை உயர்த்திவிட்டு அந்தக் கம்பியைச் சரிசெய்யாமல் விட்டால், சுமை இருந்தும் வண்டி காலியாக இருப்பதாகவே வால்வு நடந்துகொள்ளும். உங்கள் வண்டியில் அது இருக்கிறதா என்று கீழே குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

கரடுமுரடு:
இவ்வளவு சிக்கல் எதற்கு? ஷாக்கின் மேல்தளத்தில் வைக்கும் ஸ்பேசருக்குப் பதிலாக, ஸ்பிரிங்குக்கும் அதன் இருக்கைக்கும் நடுவில் வைக்கும் பிரீலோட் ஸ்பேசரைப் போடலாமே. ஸ்பிரிங்கை அது அமுக்கி வைப்பதால் ஸ்பிரிங் கடினமாகும், விஞ்சின் எடையையும் தாங்கும்.

அச்சாணி:
எத்தனை முறை விளக்கினாலும் இந்தக் கதை சாவதில்லை. நிற்கும் வண்டியில் ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கியிருக்கும் என்பதைத் தீர்மானிப்பது அதன்மேல் இருக்கும் எடை. ஸ்பேசர் வைத்த பிறகும் எடை மாறவில்லை, ஆகவே நிற்கும் நிலையில் ஸ்பிரிங்கின் நீளமும் மாறவில்லை. இருக்கை நகர்ந்ததால் வண்டி உயர்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு மில்லிமீட்டர் அமுக்கத்துக்கும் எத்தனை கிலோ வேண்டும் என்ற கணக்கு, ஸ்பிரிங்கின் கம்பித் தடிமனையும் சுற்றுகளின் எண்ணிக்கையையும் விட்டத்தையும் பொறுத்தது, அதை எந்த ஸ்பேசரும் மாற்றாது.

கரடுமுரடு:
அப்படியென்றால் பிரீலோட் ஸ்பேசர் வைத்த வண்டிகள் ஏன் கடினமாக ஓடுகின்றன? நான் ஓட்டிப் பார்த்துத்தான் சொல்கிறேன், ஐயா. ஏட்டுக் கணக்கைச் சொல்லவில்லை.

அச்சாணி:
நீங்கள் உணர்ந்தது உண்மை, சொல்லும் காரணம்தான் பிழை. ஷாக் முழுவதும் நீளும் எல்லை அதே இடத்தில் இருக்க, வண்டி மட்டும் மேலே போய்விடுகிறது. உதாரணமாக, சக்கரம் கீழே இறங்க 80 மி.மீ. இடமிருந்த வண்டியை 50 மி.மீ. உயர்த்தினால் மீதி 30 மி.மீ.தான். சிறிய பள்ளத்திலேயே ஷாக் முழுவதும் நீண்டு முட்டிக்கொள்ளும், அந்த முட்டலைத்தான் கடினம் என்கிறீர்கள்.

திருப்புளி:
மேல்தள ஸ்பேசரில் அந்தச் சிக்கல் வேறு வடிவத்தில் வரும். ஷாக் முழுவதுமாகக் கீழே நகர்வதால், சக்கரம் முன்பைவிடக் கீழே தொங்கும், மேல் ஆர்மின் பால் ஜாயின்ட் அதன் எல்லைக்கே போய்விடும். ஸ்பேசர் மிகத் தடிமனாக இருந்தால், சக்கரம் மேலே ஏறும்போது பம்ப் ஸ்டாப் (மேல் எல்லையில் இருக்கும் ரப்பர் தடுப்பு) தொடுவதற்கு முன்பே ஷாக்கின் உட்புறம் முட்டிவிடும். வாங்குபவர்கள் ஏமாறும் இடம் இன்னொன்றும் உண்டு. ஷாக்கின் அடிப்பகுதி கீழ் ஆர்மின் ஏறத்தாழ நடுவில் இணைவதால், 25 மி.மீ. தடிமனுள்ள ஸ்பேசர் சக்கரத்தில் சுமார் 50 மி.மீ. உயரம் தரும். 2 அங்குல உயர்வுக்கு 2 அங்குலத் தடிமன் என்று எண்ணி வாங்கிவிடக் கூடாது.

கரடுமுரடு:
கணக்கு சரியாக இருக்கலாம். என் வண்டியில் குனிதல் குறைந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அச்சாணி:
அதே நாளில் ஷாக்கையும் மாற்றினீர்களா என்று கேட்டால் பதில் வராது.

நடுச்சாலை:
டயரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. 265/65ஆர்17 டயரின் விட்டம் கணக்குப்படி 776 மி.மீ., 265/70ஆர்17 டயருக்கு 803 மி.மீ. ஆகவே அச்சு உயர்வது 13 மி.மீ. மட்டுமே. ஆனால் வேகமானி 100 என்று காட்டும்போது வண்டி முன்பைவிட 3.4 விழுக்காடு அதிக வேகத்தில் போகும். அகலம் மாறாததால் உரசல் பெரிதாக இருக்காது. ஆனாலும் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து, முன் மட்கார்டின் உள் உறையான லைனரின் பின்பகுதியிலும் உங்கள் இரும்பு பம்பரின் ஓரத்திலும் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். டயரை மாற்றிய பிறகு அலைன்மென்ட் செய்யுங்கள், இல்லையென்றால் இரண்டு முறை செலவு.

வழித்துணை:
எடைக்கேற்ற முன் ஸ்பிரிங், ஷாக், பின்னால் ஒரு பட்டை, புதிய டயர் எல்லாம் போட்டாகிவிட்டது. முன் மட்கார்டு இரண்டு பக்கமும் 52.5 செ.மீ. சுமையோடு முன்முனை அரை செ.மீ. தாழ்வு. குனிதல் குறைந்திருக்கிறது. மெதுவாகத் திரும்பும்போது முன்னால் ரப்பர் முனகும் ஒலி மட்டும் வருகிறது. அனைவருக்கும் நன்றி.

திருப்புளி:
கண்ட்ரோல் ஆர்ம் (மேல், கீழ் ஆர்ம்கள்) போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கினார்களா, சக்கரங்கள் தரையில் எடையோடு நிற்கும்போது இறுக்கினார்களா? தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிய நிலையிலேயே பூட்டப்பட்டு இப்படி முனகும், நாளடைவில் கிழியும். தளர்த்திவிட்டு, வண்டியைத் தரையில் நிறுத்தி மீண்டும் இறுக்கச் சொல்லுங்கள். பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங்கை அச்சோடு பிணைக்கும் பழைய யூ-போல்ட்டையே பயன்படுத்தினார்களா என்பதையும் எழுதுங்கள். ஒரு முறை இழுபட்ட யூ-போல்ட்டை மறுபடி போடக் கூடாது. புதியதே என்றாலும் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு டார்க் ரெஞ்சால் மீண்டும் சரிபார்க்க வேண்டும். அலைன்மென்ட் தாளில் உள்ள காஸ்டர் அளவையும் போடுங்கள்.

நடுச்சாலை:
முகப்பு விளக்கின் உயரத்தைச் சரிசெய்தீர்களா?

கரடுமுரடு:
வழித்துணை, ஷாக்கை மாற்றாமல் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி ஓட்டிப் பார்த்தீர்களா? அச்சாணி ஐயாவுக்காகக் கேட்கிறேன்.