பிடிச்ச ராணி எறும்பு ஒட்டுண்ணி வகையா? முட்டையே வைக்கல, என்ன பண்றது

மண்புற்று:
வணக்கம் மக்களே, போன வாரம் சாயங்காலம் றெக்கை உதிர்ந்த ராணி ஒண்ணு தரையில ஓடிட்டு இருந்துச்சு, பிடிச்சுட்டு வந்து தண்ணியும் பஞ்சும் வச்ச டெஸ்ட் டியூப்ல போட்டு இருட்டுல வச்சிருக்கேன். ஏற்கனவே வீட்ல லாசியஸ் நைஜர் (கருப்புத் தோட்ட எறும்பு) காலனி ஒண்ணு இருக்கு, அந்த ராணியோட ஒப்பிட்டுப் பாத்தா இது ஜாடையில லாசியஸ் மாதிரியே இருந்தாலும் நிறம் செம்பழுப்பு, சைஸ் 7 மிமீ இருக்கலாம், வயிறு ஒட்டிப்போன மாதிரி சின்னதா இருக்கு, தலை மட்டும் பெருசு. சும்மா உக்காரவே மாட்டேங்குது, பஞ்சைப் பிச்சுப் பிச்சுப் போடுது. இன்னும் முட்டை வைக்கல. இது வேற இன எறும்புக் கூட்டுக்குள்ள புகுந்து அந்த எறும்புங்களை வச்சே குடும்பம் நடத்துற ஒட்டுண்ணி ராணியா இருக்குமோ? அப்படின்னா எப்படி வளக்குறது?

ஆறுகால்:
நீங்க சொல்ற அடையாளம் எல்லாம் ஒட்டுண்ணி பக்கம்தான் போகுது. மேல இருந்து பாருங்க, நைஜர் ராணிக்கு நெஞ்சுப்பகுதியை விட தலை நல்லாவே குறுகலா இருக்கும், வயிறும் நீளமா கொழுத்து இருக்கும். ஏன்னா அவ தனியா குடும்பம் ஆரம்பிக்கிறவ, றெக்கை தசையையும் கொழுப்பையும் கரைச்சே முதல் பிள்ளைங்களுக்கு ஊட்டி வளத்துடுவா, அதுவரைக்கும் வெளிய சாப்பாடே வேணாம். ஒட்டுண்ணி ராணிக்கு அந்த சேமிப்பு கிடையாது, அதான் வயிறு சின்னது. தலை நெஞ்சு அகலத்துக்கு சமமாவோ அதை விட அகலமாவோ இருந்து நிறமும் செம்பழுப்புன்னா லாசியஸ் அம்ப்ரேட்டஸ் கூட்டத்துல ஒண்ணா இருக்கலாம். மிக்ஸ்டஸ் மாதிரி அக்கம்பக்கத்து இனங்களை லென்ஸ் வச்சு ரோமம் எல்லாம் பாத்தாதான் பிரிக்க முடியும், போட்டோல யாராவது அடிச்சு சொன்னா நம்பாதீங்க. பளபளன்னு கருப்பா இதய வடிவத் தலையோட இருந்தா ஃபுலிஜினோசஸ், அது இன்னும் பெரிய கில்லாடி, அம்ப்ரேட்டஸ் கூட்டையே போய் பிடிக்கும், அதாவது ஒட்டுண்ணிக்கே ஒட்டுண்ணி. நீங்க வட அமெரிக்கால இருந்தா மெல்லமா தொந்தரவு பண்ணி மோந்து பாருங்க, எலுமிச்சை வாசம் வந்தா கிளாவிஜர்ங்கிற இன்னொரு ஒட்டுண்ணி வகையறா.

மண்புற்று:
ரொம்ப நன்றிங்க, தலை நெஞ்சு அளவுக்கு அகலமாத்தான் இருக்கு, வாசம் ஒண்ணும் வரல. அப்போ நேரா என் நைஜர் காலனிக்குள்ள விட்டுடலாமா?

புற்றுக்காரன்:
ஐயோ வேண்டாம்!! ஒண்ணு உங்க எறும்புங்க அவளைக் கிழிச்சுப் போட்டுடும், இல்லன்னா உங்க ராணி போயிடுவா, ரெண்டுமே உங்களுக்கு நஷ்டம்தான். காட்டுல அம்ப்ரேட்டஸ் ராணி என்ன பண்ணுவான்னா முதல்ல ஒரு வேலைக்கார எறும்பைப் பிடிச்சுக் கொன்னு வாயில கவ்விட்டுத் திரிவா, அந்தக் கூட்டு வாசனை அவ மேல ஒட்டினதும் உள்ள நுழைவா. அதுக்கப்புறம் நடக்குறதுதான் பயங்கரம், 2025-ல கரண்ட் பயாலஜில வந்த ஆய்வுல பாத்தீங்கன்னா உள்ள போன ஒட்டுண்ணி ராணி அந்த வீட்டு ராணி மேல திரவத்தைப் பீச்சி அடிக்கிறா, அது ஃபார்மிக் ஆசிட்டா இருக்கலாம்னு சொல்றாங்க, அதுக்கப்புறம் பிள்ளைங்களே சொந்த அம்மாவைக் கடிச்சுக் கொன்னுடுதுங்க. இவ கை வைக்கவே வேணாம்.

நீங்க செய்ய வேண்டியது கூட்டுப்புழு கொடுக்குறது, அதுல இருந்து பொரியுற எறும்புங்க அவளையே ராணியா ஏத்துக்கும். நிறைய பேர் முட்டைன்னு நினைக்கிற அந்த அரிசி மாதிரி உருண்டைங்கதான். உங்க காலனில இருந்தே பத்து இருபது எடுங்க, கூடவே அப்போதான் பொரிஞ்சு வெளிறின நிறத்துல இருக்குற குட்டி எறும்பு ரெண்டு மூணு எடுத்துக்கோங்க, ஏன்னா கூட்டைக் கிழிச்சு உள்ள இருக்குறதை வெளிய எடுக்க ஆள் வேணும், ராணி அதை ஒழுங்கா செய்வாளான்னு நம்ப முடியாது. வெளிறினதுங்களுக்கு இன்னும் கூட்டு வாசனை முழுசா பதியாததால சண்டை கம்மி. கருத்த பெரிய எறும்பு ஒண்ணு கூட வேண்டாம், அதுதான் கடிக்கும். வெளிறின குட்டிங்களைக் கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜ்ல வச்சு மந்தமாக்கிட்டு ராணியோட சேத்து விடுங்க, பக்கத்துலயே உக்காந்து பாருங்க, கால்ல கடிச்சுத் தொங்குனா பிரிச்சுடுங்க, நக்கிக் கொடுத்தா ஜெயிச்சீங்க. ராணி ஒண்ணு ரெண்டைக் கொன்னாலும் பதறாதீங்க, அது அவ சுபாவம், அந்தப் பிணத்தை உடனே எடுக்காம விடுங்க.

சாப்பாடு முக்கியம். சேமிப்பு இல்லாதவ, அதனால சர்க்கரைத் தண்ணி ஒரு சின்ன சொட்டு அப்பப்ப வைங்க, பெரிய சொட்டு வச்சா அதுலயே ஒட்டிக்குவா. பஞ்சை இறுக்கமா அடைங்க, இந்த வகை தோண்டித் தப்பிக்கிறதுல கெட்டி.

சும்மாஒருவன்:
நான் மாத்திச் சொல்றேன், கோச்சுக்காதீங்க. முதல் தடவை ஒட்டுண்ணி வளக்குறவங்களுக்கு இது வேணாம்னுதான் என் அபிப்ராயம், நிறைய தடவை ராணியும் அந்த எறும்புங்களும் ஒண்ணா சேராது. றெக்கை இல்லங்கிறதால இணை சேந்துடுச்சுன்னும் அர்த்தம் இல்ல, சேராமலே உதிர்க்குறதும் உண்டு. பிடிச்ச இடத்துலயே விட்டுட்டா அவளுக்கும் ஒரு சான்ஸ் இருக்கும். அதுவும் யாராவது இதுக்குன்னு வெளிய போயி ஒரு கூட்டையே தோண்டி எடுத்தா எனக்கு சுத்தமா பிடிக்காது.

மண்புற்று:
நியாயம்தான், ஆனா கூட்டுப்புழு என் காலனிலயே இருக்கே, யாரையும் தோண்டத் தேவையில்ல, ஒரு தடவை முயற்சி பண்றேன். ஒரு பிரச்சனை, இப்போ பாத்தா கூட்டுப்புழு கொஞ்சம்தான் மிச்சம், மத்தது எல்லாம் இன்னும் கூடு கட்டாத குட்டி லார்வா.

புற்றுக்காரன்:
சீசன் முடியுது, அதான். நைஜர் குளிர்காலத்துக்கு லார்வாவை மட்டும் வச்சுட்டுத் தூங்கப் போகும், கூட்டுப்புழு இருக்காது. இருக்குறதை இன்னைக்கே எடுத்துடுங்க. பத்தலன்னா பரவால்ல, அவளுக்கு நல்லா சர்க்கரை கொடுத்துட்டு 5ல இருந்து 8 டிகிரி குளிர்ல தூங்க வைங்க, பஞ்சு காயாம பாத்துக்கோங்க, அடுத்த வெயில் காலத்துல காலனில புதுக் கூட்டுப்புழு வந்ததும் சேத்து விடுங்க. சேந்த உடனே முட்டையை எதிர்பாக்காதீங்க, அந்த நைஜர் எறும்புங்க ஊட்ட ஊட்ட அவ வயிறு பலூன் கணக்கா ஊதும், அப்புறம்தான் வைப்பா. அதுங்களுக்கு பழ ஈ மாதிரி புரதமும் போடணும். கருப்பு எறும்புங்க நடுவுல மஞ்சளா ஒண்ணு பொரிஞ்சு வந்தா அது அவளோட சொந்தப் பிள்ளை, அன்னைக்கு போட்டோ போடுங்க.

மண்புற்று:
ராணி கூட்டுப்புழுவைத் தின்னுடுச்சுன்னா?

ஆறுகால்:
ஒண்ணு ரெண்டு தின்னும், பசிதான் காரணம். சேர்க்குறதுக்கு முந்தின நாளே சர்க்கரைத் தண்ணி கொடுத்துடுங்க.