மனச்சோர்வு ஆய்வுக்கான கேள்விகளை வகுக்க ஆட்டிசம் உள்ள பெரியவர்களின் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். ஆட்டிசம் உள்ள பெரியவர்களின் மனச்சோர்வு குறித்து நாங்கள் திட்டமிட்டுவரும் ஆய்வில், பதில் சொல்பவர்களாக மட்டுமன்றிக் கேள்விகளை வகுப்பவர்களாகவும் உங்களில் சிலர் இணைய வேண்டுகிறோம். பிரிட்டனில் 2016-இல் ஆட்டிசம் உள்ளவர்களும் குடும்பத்தினரும் துறைசார்ந்தோரும் சேர்ந்து தேர்ந்தெடுத்த பத்து ஆய்வு முன்னுரிமைகளில் மனநலமே முதலிடம் பெற்றது. ஆனால், மனச்சோர்வை அளவிடப் பரவலாகப் பயன்படும் பி.எச்.கியூ-9 வினாப்பட்டியலோ, பிறர் கவனிக்கும் அளவுக்கு மெதுவாக நடமாடியதோ பேசியதோ உண்டா என்று கேட்கிறது. பிறர் கவனித்ததைப் பதில் சொல்பவர் எப்படி அறிவார், இயல்பிலேயே நிதானமாகப் பேசுபவர் எதைக் குறிப்பார்? இத்தகைய இடங்களை அனுபவித்தவர்களே சுட்டிக்காட்ட வேண்டும் (பெற்றோரின் ஊகம் இங்கே போதாது). கேள்விகளை முன்கூட்டியே அனுப்புவோம், எழுத்திலேயே பதிலளிக்கலாம், உங்கள் நேரத்துக்கு மதிப்பூதியம் உண்டு. விருப்பமுள்ளவர்கள் தனிச்செய்தியில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.