ஃப்ரீலான்ஸ் ஐடி வேலை இப்போதும் கைகொடுக்கிறதா? குமரி மாவட்டத்துக்காரர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வடசேரியிலிருந்து:

படிப்பு முடித்த தம்பிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி: "அண்ணா, கம்பெனிக்குப் போகாம வீட்டுல இருந்தே ஃப்ரீலான்ஸ் பண்ணலாமா?" பண்ணலாம். ஆனால் கல்லூரி முடிந்த கையோடு வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

நான் சில வருடம் கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். வந்த புதிதில், ஃப்ரீலான்ஸ் வேலை பிடித்துத் தரும் அப்வொர்க் தளத்தில் கிடைத்ததெல்லாம் சில்லறை வேலை. வேர்ட்பிரஸ் தளத்தில் ஒரு பக்கம் மொபைலில் சரியாகத் தெரியாது, தொடர்புப் படிவத்திலிருந்து மெயில் போகாது, இப்படி. நாலைந்து சேர்ந்தால் மாதச் செலவு ஓடிவிடும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு அந்த வேலைகள் மெல்ல வற்றிவிட்டன. தளத்தின் சொந்தக்காரரே அதனிடம் கேட்டுச் சரிசெய்துகொள்கிறார். மிச்சம் இருப்பதற்கும் பெரும் போட்டி. விண்ணப்பிக்கவே கனெக்ட்ஸ் என்ற டோக்கன்களைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், கிடைத்த பணத்திலும் கமிஷன் போகும். புதிதாக வரும் ஒருவர் இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

என்னைத் தாங்கிப் பிடித்தது வேறு. வாகன உதிரிபாகம் விற்கும் ஒரு சின்ன வெளிநாட்டு நிறுவனத்தின் ஸ்டாக் மென்பொருளை வருடக்கணக்கில் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு சமயம், திரும்பி வந்த சரக்கு ஸ்டாக்கில் இரட்டிப்பாக ஏறியது. மென்பொருளின் கோடிங்கை எத்தனை முறை படித்தாலும் பிழை இல்லை. கிடங்கில் பெட்டிகளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். பழைய பார்கோடைக் கிழிக்காமல் பக்கத்திலேயே புதியதை ஒட்டியிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த பையன் இரண்டையும் ஸ்கேன் செய்திருக்கிறான். சரக்கு எந்த வாசல் வழியாக வரும், யார் கையில் ஸ்கேனர் இருக்கும் என்று தெரிந்தவனுக்குத்தான் அப்படிக் கேட்கத் தோன்றும். அந்த நிறுவனம் என்னை விடாமல் வைத்திருப்பது இதற்காகத்தான். இப்படி விசாரிக்கும் பழக்கம் எனக்குக் கம்பெனியில் சீனியர்களோடு உட்கார்ந்து வந்தது. முதலில் ஐந்தாறு வருடம் கம்பெனியில் இருங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

வரி விஷயம் சுருக்கமாக. ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். வெளிநாட்டு வாடிக்கையாளர் என்றால் ஒவ்வொரு நிதியாண்டும் எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள். ஜிஎஸ்டி கட்டாமலே பில் போடலாம். வருமான வரியில், 44ஏடிஏ என்று நாம் சொல்லிப் பழகிய முறைப்படி 50 லட்சம் வரை உள்ள வரவில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும். ரொக்கமாக வருவது 5 சதவீதத்துக்குள் இருந்தால் இந்த வரம்பு 75 லட்சம். முன்கூட்டிய வரியை மார்ச் 15க்குள் ஒரே தவணையாகக் கட்டிவிடலாம்.

மார்த்தாண்டத்திலிருந்து:

அண்ணன் சொன்னது சரிதான். என் கதை கொஞ்சம் வேறு. நான் மென்பொருள் டெஸ்டிங். மகன் பிறந்த பிறகு பெங்களூருவுக்குத் திரும்பிப் போக முடியவில்லை. பழைய மேனேஜர் மூலமாக ஒப்பந்த வேலை கிடைத்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். புதுப்பிக்கும் மாதம் வந்தால் தூக்கம் வராது, அது உண்மை. ஆனாலும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சம்பாதிக்க எனக்கு வேறு வழி இல்லை, இதை நான் மதிக்கிறேன்.

நம்ம ஊரில் வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்குப் பெரிய சோதனை மழையும் காற்றும்தான். 2017 நவம்பர் 30 ஒக்கி புயலை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ரப்பர் தோட்டங்கள் அப்படியே சாய்ந்தன, மின்கம்பங்கள் ஒடிந்து நாள்கணக்கில் கரண்ட் இல்லை. போனில் கொஞ்சம் சார்ஜ் இருந்தபோதே டீமுக்கு நிலைமையைச் சொன்னேன். பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு லேப்டாப்போடு திருவனந்தபுரத்தில் தோழி வீட்டுக்குப் போய் வேலையை முடித்தேன். அடுத்த ஒப்பந்தம் கைவிட்டுப் போகவில்லை. இன்று வீட்டில் இன்வெர்ட்டர், ஒரு ஃபைபர் இணைப்பு, இரண்டு வேறு நெட்வொர்க் சிம். இதெல்லாம் உங்கள் செலவு என்பதைக் கணக்கில் வைத்துத்தான் சம்பளம் பேச வேண்டும்.

கோட்டாறிலிருந்து:

உள்நாட்டு வாடிக்கையாளரிடம் வேலை எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு கம்பெனி எனக்கு ஆப் வேலைக்கான கடைசித் தவணையைத் தராமல் இழுத்தடித்தது. "அடுத்த வாரம் போட்டுடறோம் ப்ரோ" என்பதையே கேட்டுக்கொண்டிருந்தேன். நான் முன்னாலேயே உத்யம் என்ற சிறுதொழில் பதிவை அரசிடம் எடுத்திருந்தேன், அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. 2006ஆம் ஆண்டு குறு, சிறு நிறுவனச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் பணம் தர 45 நாளுக்கு மேல் அவகாசம் கிடையாது. ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. இதைக் குறிப்பிட்டு, பணம் தராமல் இழுத்தடிப்பவர்கள் மீது புகார் கொடுக்கும் அரசின் சமாதான் தளத்தில் புகார் கொடுக்கப் போகிறேன் என்று மெயில் அனுப்பினேன். அவர்களுடைய ஆடிட்டரே போன் செய்தார். பணம் வந்தது. வேலை எடுத்த பிறகு பதிவு செய்தால் சிக்கல், முதலிலேயே செய்துவிடுங்கள்.

குளச்சலிலிருந்து:

நான் இங்கிலாந்தில் சொந்த லிமிடெட் கம்பெனி வைத்து நாள் கட்டணத்துக்கு ஒப்பந்த வேலை செய்தவன். ஊழியர் மாதிரி வேலை செய்யும் ஒப்பந்தக்காரர் ஊழியரைப் போலவே வரி கட்ட வேண்டும் என்று சொல்லும் ஐஆர்35 என்ற விதி அங்கே 2000லிருந்தே உண்டு. 2021 ஏப்ரலில், ஒப்பந்தக்காரர் உண்மையில் ஊழியர் மாதிரிதானா என்று முடிவு செய்யும் பொறுப்பை நடுத்தர, பெரிய தனியார் நிறுவனங்களின் தலையில் வைத்தார்கள். வம்பு வேண்டாம் என்று பல வங்கிகள் எங்களைப் போன்றவர்களை எடுப்பதையே நிறுத்திவிட்டன. ஊருக்கு வந்துவிட்டேன். வருமானம் அங்கே வந்ததைவிடக் குறைவு, ஆனால் செலவும் குறைவு, அப்பா அம்மா பக்கத்தில் இருக்கிறார்கள். எனக்கு இது போதும்.

தக்கலையிலிருந்து:

வீட்டுக் கடன் பற்றி யாரும் சொல்லவில்லையே. வங்கியில் சம்பளச் சீட்டு கேட்டார்கள், இல்லை என்றதும் முந்தைய ஆண்டுகளின் வருமான வரிக் கணக்கைக் கேட்டார்கள். வடசேரி அண்ணன் சொன்ன முறையில் வரவில் பாதியைத்தான் காட்டியிருந்தேன். அந்தப் பாதியை வைத்துத்தான் கடன் தொகையைக் கணக்குப் போட்டார்கள், எதிர்பார்த்ததைவிட ரொம்பக் குறைவு. அந்தப் பாதி என்பது குறைந்தபட்ச அளவு மட்டும்தான். லாபம் அதைவிட அதிகமாக இருந்தால் அதைத்தான் காட்ட வேண்டும். வீடு கட்டும் எண்ணம் உள்ளவர்கள் இரண்டு மூன்று வருடம் முன்னாலேயே ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள் மக்கா.