ம்யூட், அன்ம்யூட்: தமிழ்ல என்ன போடலாம்? (அவசரம்)

ஒருங்கிணைப்பு
எல்லாருக்கும் வணக்கம். ஆன்லைன் வகுப்பு மென்பொருளோட தமிழ் முகப்பை ஞாயித்துக்கிழமை ராத்திரிக்குள்ள ஏத்தணும், மத்ததெல்லாம் முடிஞ்சுது, 'ம்யூட்' மட்டும் தொங்குது. பழைய கோப்புல யாரோ 'ஊமையாக்கு'ன்னு போட்டு வச்சிருக்காங்க. 'எல்லோரையும் ஊமையாக்கு'ன்னு ஒரு பட்டனை ஆறாங்கிளாஸ் டீச்சர் கையில குடுக்க மனசு வரலை. 'ஒலியடக்கு' போட்டுடவா?

புலவர், மதுரை
ஊமையைத் தள்ளுறதுக்கு முன்னாடி குறுந்தொகை 58ஐ ஒரு தடவ பாத்துடுங்க, வெள்ளிவீதியார் பாட்டு. 'கையில் ஊமன் கண்ணின் காக்கும் வெண்ணெய்'. வெயில் காயிற பாறையில வெண்ணெய் உருகுது, காவலுக்கு உக்காந்தவனுக்குக் கையும் இல்ல, கூப்பிட வாயும் இல்ல, பாத்துக்கிட்டே இருக்கான். கொரோனா சமயம் 2020லயும் 2021லயும் நம்ம பிள்ளைங்க ஆன்லைன்ல பாடம் 'கவனிச்சது' இதுதானே? சரி, விஷயத்துக்கு வர்றேன். 'அடக்கு' பிறவினை, அடுத்தவனை அடங்க வைக்கிறது. தன் மைக்கைத் தானே நிறுத்துறவனுக்கு அது பொருந்தாது, 'அடங்கு'ன்னா தன்வினை, ஆனா மாணவனைப் பாத்து அடங்குன்னா அதட்டுற மாதிரி இருக்கு. என் பரிந்துரை 'அமர்த்து'. விளக்கை அணைன்னு சொல்ல வாய் வராம 'அமத்து'ன்னு சொல்ற வழக்கு இன்னும் இருக்கு. அமர், அமர்த்து, அமைதி எல்லாம் ஒரே வேர்தான்.

நிரலர், கோவை
ஐயா, அமர்னா சண்டைன்னும் அர்த்தம் உண்டுதானே :) அது இருக்கட்டும், ஆங்கிலத்துல ஒரே சொல்லை நாலு இடத்துல வச்சு ஓட்டுறாங்க. நான் என் மைக்கை நிறுத்துறது, டீச்சர் என்னோடதை நிறுத்துறது, நின்னுருக்குன்னு காட்டுறது, அப்புறம் திறக்கச் சொல்லிக் கேக்குறது (ஜூம்ல டீச்சர் நிறுத்தலாம், ஆனா திறக்கணும்னா பையன் ஒத்துக்கணும்). தமிழ்ல நாலுக்கும் நாலு வடிவம் வேணும். இன்னொண்ணு, 'ஒலிவாங்கியை அமர்த்துக'ன்னு போட்டா சின்ன போன்ல 'ஒலிவாங்…'னு வெட்டிக்கும், பசங்க எதையோ வாங்கச் சொல்றாங்கன்னு நினைப்பாங்க. பேசாம 'ம்யூட்'னே விட்டுடலாம்.

கணக்கு டீச்சர், தஞ்சாவூர்
தம்பி சொல்றது சரி, வகுப்புல 'ம்யூட் பண்ணுப்பா' தவிர வேற எதுவும் நான் சொன்னதில்ல. ஆனா ஒண்ணு சொல்லணும். ஒரே வீட்டுல அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு போன்ல பக்கத்து பக்கத்துல உக்காந்தா ஒண்ணோட ஸ்பீக்கர் சத்தத்தை இன்னொண்ணோட மைக் இழுத்து காது கிழியிற மாதிரி ஊளையிடும், அதுக்காகத்தான் எல்லாரையும் ம்யூட்ல போட்டோம், போட்ட பிறகு ஒருத்தரும் திறக்கலை. 'புரிஞ்சுதா'ன்னு கேட்டா பேர் எழுதின கறுப்புக் கட்டம்தான். நேர்ல கடைசி பெஞ்ச் மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சுடும், பின்னத்துல விட்டுட்டானா தசமத்துல விட்டுட்டானான்னு. அதே சமயம் கிளாஸ்ல வாயே திறக்காத பொண்ணுங்க சாட்ல டைப் பண்ணிக் கேள்வி கேட்டாங்க, அதையும் சொல்லணும்ல. அப்பா வேலை முடிஞ்சு வந்தாத்தான் போன்ங்கிற பிள்ளைங்களுக்கு இது எதுவுமே இல்ல, கல்வித் தொலைக்காட்சிதான், 2019லயே அது ஆரம்பிச்சிருந்தது நல்லதாப் போச்சு. அதனால சொல்றேன், நிறுத்துறது மைக்கை, பிள்ளைய இல்லன்னு பட்டன்ல தெரியணும்.

ஆசிரியை, யாழ்ப்பாணம்
நாங்கள் 'மைக்கை நிப்பாட்டுங்கோ பிள்ளையள்' எண்டுதான் சொல்லுறனாங்கள். நிப்பாட்டு எண்டா உங்களுக்குச் சிரிப்பு வரும், 'நிறுத்து' எண்டு போடுங்கோவன், ரெண்டு கரைக்கும் விளங்கும். 2022ல இலங்கையில கரண்ட் வெட்டின நேரம் எங்களுக்கு இந்தப் பட்டனே தேவைப்படேல்லை, எல்லாம் தானா நிண்டுது.

சிறப்புப் பள்ளி ஆசிரியை, திருச்சி
குறுந்தொகையில இருந்தா இருக்கட்டும் ஐயா, காது கேளாத பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கிறவ நான், என் ஸ்கிரீன்ல ஊமைங்கிற சொல் வரக்கூடாது. எங்களுக்கு ம்யூட் பிரச்சனையே இல்ல. யார் மைக்ல சத்தம் வருதோ அவங்களைத்தான் மென்பொருள் பெரிசாக் காட்டுது, சைகையில பதில் சொல்ற பிள்ளை ஓரத்துல தீப்பெட்டி அளவுலயே கிடக்குது. அந்தப் பிள்ளைய நாமளே பெரிசாக்கி வைக்கிற 'ஸ்பாட்லைட்'டுக்கு முதல்ல ஒரு நல்ல சொல் குடுங்க.

புலவர், மதுரை
ஊமையை நான் அப்பவே விட்டுட்டேன் அம்மா, பாட்டைத்தான் விட முடியலை. ஸ்பாட்லைட்டுக்கு 'முன்னிறுத்து'. ஆனா 'மைக்'னு எழுதாதீங்க, வல்லின மெய்யில தமிழ்ச்சொல் முடியாது. குறைஞ்சபட்சம் 'மைக்கு'ன்னாவது குற்றியலுகரமா முடிங்க.

நிரலர், கோவை
மைக்குன்னா 'மை'க்கு நாலாம் வேற்றுமை ஆயிடுமே ஐயா. பேனாவுக்கா மைக்குக்கா?

புலவர், மதுரை
அப்ப 'ஒலிவாங்கி'ன்னு முழுசாப் போடுங்க. திரை சின்னதுன்னா மொழியையா வெட்டுவாங்க?

ஆசிரியை, யாழ்ப்பாணம்
இங்க ஒலிவாங்கி எண்டு செய்தியிலயும் மேடையிலயும் சொல்லுவினம், சின்னப் பிள்ளையளுக்கும் தெரியும். ஆனா வகுப்பில மைக்தான்.

ஒருங்கிணைப்பு
சனிக்கிழமை ராத்திரி பதினொண்ணு ஆச்சு. மூணு பேர் 'நிறுத்து', ஒருத்தர் 'அமர்த்து', ஒருத்தர் ம்யூட்டே போதும்னு. இப்படி ஏத்துறேன்: 'மைக் நிறுத்து', 'மைக் திற', 'எல்லா மைக்கையும் நிறுத்து', நிலை காட்ட 'மைக் நின்றுள்ளது', கோரிக்கைக்கு 'மைக்கைத் திறக்கலாமா?'. ஸ்பாட்லைட்டுக்கு 'முன்னிறுத்து'. திட்டுறவங்க அடுத்த பதிப்புக்குத் திட்டுங்க.

புலவர், மதுரை
நிறுத்துக்கு எதிர் தொடங்கு. திறவுக்கு எதிர் மூடு. உங்க ஜோடி சேரவே இல்ல. அதோட 'நிறுத்து'ன்னு ஒரு பட்டன், பக்கத்துலயே 'முன்னிறுத்து', முதல்ல ஓய வைக்கிறது, ரெண்டாவது எழுப்பி நிக்க வைக்கிறது. அமர்த்துன்னு வச்சிருந்தா இந்தக் குழப்பமே இல்ல. என் எதிர்ப்பு பதிவுல இருக்கட்டும்.

கணக்கு டீச்சர், தஞ்சாவூர்
ஐயா, திங்கக்கிழமை முதல் பீரியட் எனக்கு. ஒருங்கிணைப்பு, 'திற'வையும் 'முன்னிறுத்து'வையும் கொஞ்சம் தள்ளித் தள்ளி வைங்க, விரல் தப்பினா யாரோட சமையல்கட்டோ பெரிசாத் தெரியும்.