99.4% துல்லியம் காட்டும் மாடல், புதிய மால்வேரை (தீங்கு செய்யும் நிரலை) கோட்டைவிடுகிறது. என்ன தவறு?

ஆய்வு மாணவி: வணக்கம். கோப்பின் பைட்டுகளைச் சாம்பல் நிறப் படமாக்கி, சி.என்.என். (படங்களை இனம்காணும் நரம்பியல் வலையமைப்பு) கொண்டு மால்வேரைக் கண்டறிவது என் முதுநிலை ஆய்வு. மால்வேருக்கு, ஏற்கனவே படமாக்கி வெளியிடப்பட்ட மால்இமேஜ் (Malimg) தொகுப்பை (9,339 படங்கள், 25 மால்வேர் குடும்பங்கள்) எடுத்தேன். நல்ல கோப்புகளை என் மடிக்கணினியில் விண்டோஸின் சொந்தக் கோப்புகள் இருக்கும் சிஸ்டம்32 கோப்புறையிலிருந்து எடுத்து நானே படமாக்கினேன். சோதனையில் 99.4%. ஆசையாக, மால்வேர் மாதிரிகளைப் பகிரும் மால்வேர்பஜார் தளத்தில் 40 மாதிரிகளை எடுத்து, தனிமைப்படுத்திய மெய்நிகர் கணினியில் வைத்துப் படமாக்கிக் கொடுத்தேன். 37 ‘நல்ல கோப்பு’ என்று வந்தது! வெள்ளிக்கிழமை நெறியாளரைப் பார்க்க வேண்டும்.

பழைய மாணவர்: நீங்கள் உருவாக்கிய படங்களுக்கு அகலம், அதாவது ஒரு வரியில் அடுக்கிய பைட்டுகள், எத்தனை பிக்சல்?

ஆய்வு மாணவி: எல்லாவற்றுக்கும் 256. பிறகு 64க்கு 64 ஆகச் சுருக்கினேன்.

பழைய மாணவர்: அங்கேதான் இடிக்கிறது. 2011இல் வந்த அந்த மால்இமேஜ் தொகுப்பில் அகலம் கோப்பின் அளவைப் பொறுத்தது. 10 கேபிக்குக் கீழே 32, 60 முதல் 100 வரை 256, 200 முதல் 500 வரை 512. புடவையை மடிக்கும் அகலம் மாறினால் கரை வேறிடத்தில் விழுமே, அதுபோலப் படத்தின் கோடுகளும் இடம் மாறும். ‘இது 256இல் மடித்த படமா?’ என்பதைத்தான் மாடல் கற்றிருக்கிறது என்று சந்தேகிக்கிறேன். நோட்பேடை 512இல் மடித்துக் கொடுத்துப் பாருங்கள்.

ஆய்வு மாணவி: பார்த்தேன். 256இல் நல்ல கோப்பு, 512இல் மால்வேர். அதே நோட்பேட்! சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

ஆய்வகத்தான்: அகலத்தைத் திருத்திய பிறகும் எண்ணை உடனே நம்பிவிடாதீர்கள். அலாபிள்.ஏ 2,949, அலாபிள்.எல் 1,591, இந்த இரண்டு மால்வேர் குடும்பங்களுமே மால்இமேஜ் தொகுப்பில் ஏறக்குறைய பாதி. ஒரே குடும்பத்துப் படங்கள் ஒரே அச்சில் வார்த்தவைபோல இருக்கும். குலுக்கிப் பிரித்தால் அண்ணன் பயிற்சியிலும் தம்பி சோதனையிலும் உட்கார்ந்திருப்பான். சில குடும்பங்களை முழுதாக ஒதுக்கிவைத்துச் சோதியுங்கள். சிஸ்டம்32இல் இருப்பவை பெரும்பாலும் மைக்ரோசாஃப்டின் கோப்புகள். பிறர் எழுதிய நிரல்களும் வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் தம்பி எழுதும் நிரலும் மால்வேர் ஆகிவிடும்.

பழைய மாணவர்: ஆமாம், அதை மறந்துவிட்டேன். மால்வேர்பஜார் மாதிரிகளையும் அதே அகல அட்டவணைப்படி மடியுங்கள்.

ஆய்வு மாணவி: எல்லாவற்றையும் செய்தேன். 99.4 இறங்கி 81இல் நிற்கிறது. பயந்துகொண்டேதான் போனேன். நெறியாளர் எண்ணைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நோட்பேட் படங்கள் இரண்டையும் வெகுநேரம் பார்த்துவிட்டு, “இவற்றை முதல் அத்தியாயத்தில் போடு” என்றார்.